ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போய் 17,700 ரூபாய் தொலைத்த கதை

பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற தமிழ் ஆசிரியைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் கற்பியுங்கள், மாதம் 40,000 வரை சம்பாதியுங்கள்' என்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு விளம்பரம் ஓடுகிறது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம். என் குரலும், முகமும், எங்கள் வீட்டு ஜன்னலும் இன்னொருத்தர் கடையில் சரக்காகக் கிடந்ததைப் பார்த்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

நான் இருப்பது கோத்தகிரி பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெட்ரிக் பள்ளியில் நாலு வருஷம் தமிழ் மிஸ்ஸாக இருந்தேன். பையன் பிறந்ததும் நின்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கு டீ பேக்டரியில் வேலை. பச்சைத் தேயிலை விலை போகிற போக்கு இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதனால் பேக்டரிச் சம்பளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கண்ணில் பட்ட விளம்பரம் அது. வெறுமனே பெயரையும் போன் நம்பரையும் போட்டேன். பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்துவிட்டது.

பேசிய பெண் அப்படி ஒரு தேன். "மேம், உங்க உச்சரிப்பு ரொம்ப அழகா இருக்கு மேம், இந்த மாதிரி ஆளைத்தான் பேரன்ட்ஸ் தேடுறாங்க" என்றாள். நான் அதுவரை பேசியிருந்தது "ஹலோ, யாரு?" மட்டும்தான். அந்த இரண்டு சொல்லில் என்ன உச்சரிப்பைக் கண்டாளோ! பயிற்சிக் கட்டணம் 15,000, ஜிஎஸ்டி சேர்த்து 17,700. பயிற்சி முடிந்ததும் மாணவர்களை அவர்களே பிடித்துத் தருவார்களாம். மணிக்கு 400 ரூபாயாம். மூன்று மாதத்தில் போட்ட காசு வந்துவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டினாள். மகளிர் குழுவில் லோன் எடுத்துக் கட்டினேன். அந்தத் தவணையை இன்றைக்கும் நான்தான் அடைக்கிறேன்.

பயிற்சி என்பது 12 வீடியோ. ஒருத்தர் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிக்கிறார். கேமராவைப் பார்த்துச் சிரியுங்கள், பின்னால் சுவர் சுத்தமாக இருக்கட்டும், குழந்தையின் பெயரை அடிக்கடி சொல்லுங்கள். இவ்வளவுதான். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தருவதில் எங்கே இடிக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் அம்மா "வந்தாங்க" என்பார், புத்தகத்தில் "வந்தார்கள்" என்று இருக்கும். எதைச் சொல்லித்தருவது, எதை எப்போது சொல்லித்தருவது? எழுத்தை அ, ஆவில் தொடங்குவதா, வடிவம் எளிதான ட, ப, மவில் தொடங்குவதா? இதையெல்லாம் கேட்டு எழுதி அனுப்பினேன். "குட் கொஸ்டின் மேம்" என்று பதில் வந்தது. அதோடு சரி.

பாடப் பொருள் என்று ஒரு பிடிஎப் கொடுத்தார்கள். திறந்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நம் தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் பாடநூல்தான்! அரசு முத்திரை இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒட்டி மேலே இவர்கள் லோகோவைப் போட்டிருந்தார்கள். பாடநூல்களை யார் வேண்டுமானாலும் அரசுத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்றே பாடங்களைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது, மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரை. அதை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த 12 வீடியோவை விட நூறு மடங்கு கற்றிருப்பேன். எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம் போட்டு, 'சிஇஎப்ஆர் அங்கீகாரம் பெற்ற சர்வதேசப் பயிற்றுநர், நிலை சி2' என்று. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் மயங்குகிறார்கள். சிஇஎப்ஆர் என்பது ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஓர் அளவுகோல். ஒருவருக்கு ஒரு மொழி எவ்வளவு தெரியும் என்பதை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரித்துச் சொல்கிறது. அவ்வளவுதான் அது. எந்த நிறுவனத்துக்கும் அது அங்கீகாரம் தருவதில்லை, எந்த ஆசிரியருக்கும் சான்றிதழ் தருவதில்லை. 'சிஇஎப்ஆர் அங்கீகாரம் பெற்றது' என்பது 'அடி ஸ்கேல் அங்கீகாரம் பெற்ற தச்சர்' என்பது மாதிரி.

அப்புறம் டெமோ வகுப்புகள் தொடங்கின. ஒரு பிள்ளைக்கு இரண்டு டெமோ எடுக்க வேண்டும், அதற்குச் சம்பளம் இல்லை. பெற்றோருக்குப் பிடித்துப் பணம் கட்டினால் அதன் பிறகு அந்தப் பிள்ளை எனக்கு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை 11 பிள்ளைகளுக்கு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு "பேரன்ட்ஸ் கன்வர்ட் ஆகலை மேம், அடுத்ததுல இன்னும் எனர்ஜி காட்டுங்க" என்று செய்தி வரும். குரங்குக் குல்லாவும் சால்வையுமாக எழுந்து, கேமரா முன்னால் மட்டும் குல்லாவைக் கழற்றிவிட்டு, விரல் விறைத்துப்போய் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன். காற்றுக்கு மரம் விழுந்து கரன்ட் போன அன்றும் போன் டேட்டாவில் ஒப்பேற்றினேன். இதற்கு மேல் என்ன எனர்ஜி காட்டுவது?

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் டல்லாஸ் பையன், ஆறு வயது. நமக்குக் காலை ஆறரை, அவனுக்கு முந்தின நாள் மாலை ஏழு. பிப்ரவரியில் ஒரு நாள். பாதி வகுப்பில் திடீரென்று எழுந்து நின்று "மிஸ்! கவ்! பிக் கவ்!" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைக்குள் ஒரு காட்டெருமை மூச்சில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. காட்டுமாடு என்றுதான் சொல்ல வேண்டும் என்று படித்தவர்கள் திருத்துவார்கள், எங்களுக்குக் காட்டெருமை என்றே பழக்கம். எங்களுக்கு இது தினப்படி காட்சி, அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அ, ஆவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "காட்டெருமை" என்ற ஒரு சொல்லையே இருபது நிமிஷம் சொல்லிக்கொடுத்தேன். 'ரு'வை அமெரிக்கக்காரன் மாதிரி நாக்கைச் சுருட்டி "காட்டெர்மை" என்றான். ஐந்தாவது தடவை சரியாக வந்துவிட்டது. அவன் அம்மா பின்னால் நின்று கைதட்டியது கேட்டது. இந்தப் பிள்ளை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுடைய இரண்டாவது டெமோ மார்ச்சில். ஆறரைக்குச் சரியாக உட்கார்ந்தேன், ஆளே இல்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வருகிறது: 'ஆசிரியர் வரவில்லை, அபராதம் 500.' விஷயம் என்னவென்றால், அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அவனுடைய மாலை ஏழு அதன் பிறகு நமக்குக் காலை ஐந்தரை. பிள்ளை வந்து காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லித்தருகிற பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் ஆப்பில் என் கணக்கில் 'உங்கள் வருமானம்: மைனஸ் 500' என்று காட்டியது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்தில் சம்பளம் கடனில் நின்றது உலகத்தில் எனக்குத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் கூடலூரில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். "அக்கா, இது உங்க வீட்டு ஜன்னல்தானே? சொல்லவே இல்ல?" பார்த்தால் நான், ஜன்னல், காட்டெருமை. 'இயற்கையின் மடியிலிருந்து நேரடித் தமிழ் வகுப்பு' என்று கீழே எழுத்து. அழுத்தினால் யூட்யூப் சேனல் ஒன்று திறந்தது. என்னுடைய டெமோ வகுப்புகளிலிருந்து ஒன்பது துண்டு. முழுதும் வேண்டுமென்றால் 'பதிவு செய்த பாடத்தொகுப்பு' 49 டாலர்.

அதே சமயம் டல்லாஸ் பையனின் அம்மா எப்படியோ முகநூலில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கோத்தகிரி என்று பையனிடம் ஒரு தடவை ஊர்ப்பெயர் சொல்லியிருந்தேன், அதை வைத்துத் தேடினாராம். "மிஸ், ஏன் நிறுத்திட்டீங்க? அவன் உங்களையே கேக்குறான்" என்றார். நீங்கள் பணம் கட்டவில்லை என்றார்களே என்றேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர்கள் அக்டோபரிலேயே ஆறு மாதத்துக்கு 480 டாலர் கட்டியிருக்கிறார்கள்! எனக்கு முன்னால் ஆறு மிஸ் வந்து போயிருக்கிறார்கள், ஒவ்வொருத்தரும் இரண்டு வகுப்பு. ஒவ்வொருத்தரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருத்தருக்கும் அது டெமோ. பாவம் அந்தப் பிள்ளை, ஆறு மாதத்தில் அம்மா, ஆடு, இலை, ஈயை ஏழு தடவை படித்திருக்கிறான்.

அப்போதுதான் கணக்குப் புரிந்தது. டெமோதான் வகுப்பே. பெற்றோரிடம் ஒரு பக்கம் காசு, எங்களிடம் 'பயிற்சி' என்று இன்னொரு பக்கம் காசு, நடுவில் சம்பளமே இல்லாமல் வகுப்பு நடக்கிறது. புதுப்புது ஆசிரியைகள் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் இது ஓடும். அதனால்தான் அத்தனை விளம்பரம், அத்தனை "மேம்". வெளிநாட்டில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துவைக்கும் பெரிய தளங்கள் இருக்கின்றன. அவையும் தர்மத்துக்கு நடத்துவதில்லை, கட்டணத்தில் கமிஷன் பிடிக்கும், முதல் வகுப்புக் கட்டணத்தை முழுசாக எடுத்துக்கொள்கிற தளமும் உண்டு. ஆனால் பிடிப்பது மாணவர் கட்டிய காசிலிருந்து. ஆசிரியரிடம் முன்பணம் வாங்குகிற இடத்தில் வாடிக்கையாளரே ஆசிரியர்தான். இது தெரிய எனக்கு 17,700 ஆனது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பாலிசிப்படி ரீபண்ட் கிடையாது' என்று ஒரு வரி. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையே என்று கேட்டதற்கு ஒரு எண் அனுப்பினார்கள். எண்ணிப் பார்த்தால் 14 எழுத்து. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்க வேண்டும், முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. இவர்கள் முகவரி சென்னை, எண் தொடங்கியது 29இல். அது கர்நாடகம். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், லாகின் கூட வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் கட்டி நாலு மாதம் கழித்துச் செய்தேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்தேன். மரியாதையாகப் பேசிப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் பணம் கைமாறிய உடனே சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம், இவ்வளவு தாமதமாக வந்தால் கஷ்டம் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தேன். 'சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்று அந்த நிறுவனம் பதில் எழுதியது, புகாரை முடித்துவிட்டார்கள்.

உருப்படியாக நடந்தது இரண்டுதான். குன்னூரில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டாம் என்றார். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. 'நீ தொழில் செய்யத்தானே பயிற்சி எடுத்தாய், நீ எப்படி நுகர்வோர்?' என்று எதிர்த்தரப்பு கேட்குமே என்று பயந்தேன். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய பொருளும் நுகர்வுதான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறதாம், அதை வைத்து வாதாடிப் பார்க்கலாம் என்றார். நுகர்வோர் வழக்குகளை இணையத்திலேயே பதிகிற இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஏற்றி, இப்போது ஊட்டியில் வழக்கு நிற்கிறது.

இன்னொன்று வீடியோ. சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டனை அமுக்கியிருந்தேன், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். உரிமையை எழுதிக்கொடுக்கக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது, பட்டனை அமுக்கியது கையெழுத்தா என்பதை அவர்கள் வாதாடிக்கொள்ளட்டும் என்றார் வக்கீல். அந்தச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, அப்புறம் விரிவுரை நிகழ்த்துபவர். பாம்பாட்டிக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருப்பது தெரிந்து அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தேன். யூட்யூபில் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் சுட்டி கொடுத்து, நான் வீட்டில் தயாரித்த பாடக்குறிப்பின் படத்தையும் கையில் தயாராக வைத்துக்கொண்டு நிரப்பினேன். ஒரு வாரத்தில் ஒன்பதும் போய்விட்டது. 49 டாலர் தொகுப்பு இன்னும் அவர்கள் தளத்தில் இருக்கிறது.

டல்லாஸ் பையன் இப்போது சனிக்கிழமைகளில் என்னிடம் நேரடியாகப் படிக்கிறான். அவன் அம்மா கட்டிய 480 டாலரும் வரவில்லை. நவம்பரில் அவர்கள் கடிகாரம் மறுபடி பின்னால் போகும், காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் வந்தது. வேறு ஒரு பெண்ணின் முகத்தை என் முகம் இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னலையும் மங்கலாக்கிவிட்டார்கள். வலது ஓரத்தில் மட்டும் சரியாக வெட்டவில்லை. கறுப்பு நுனியோடு ஒரு கொம்பு வளைந்து நிற்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அது எங்கள் வீட்டு வேலிக்கு வந்த காட்டெருமை. அந்த விளம்பரத்தில் உங்கள் நம்பரைப் போட்டுவிடாதீர்கள்.