எலைட் டேஞ்சரஸில் எந்தக் கப்பலை வாங்கலாம்: உவர்மலையிலிருந்து ஒருவன் பார்வை

சல்லியில் வாடி வைத்திருக்கும் மாமா, புதுப் போட் பார்க்கப் போனால் விலையைக் கடைசியாகத்தான் கேட்பார். "வாங்க முதல் அத எங்க கட்டப் போறாய் எண்டு யோசி, தம்பி" என்பார். எனக்கு அது உறைத்தது எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் டைப்-7 சரக்குக் கப்பலை வாங்கிய அன்றுதான். விலை 1 கோடியே 74 இலட்சம் கிரெடிட், அதாவது விளையாட்டுக்குள் சம்பாதிக்கிற காசு. சரக்கை நிறைய ஏற்றிக்கொண்டு வழக்கமாகப் போகும் சிறிய நிலையத்துக்குப் போனால், இறங்க இடமே இல்லை. அது பெரிய இறங்குதளம் கேட்கிற கப்பல். அவுட்போஸ்ட் என்ற சிறு நிலையங்களில் சிறிய தளமும் நடுத்தரத் தளமும் மட்டும்தான்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் தெரியும். எவ்வளவு பெரிய கப்பலையும் தாங்கும் துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்ததால், எல்லாத் துறையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் போலும்.

2014 டிசம்பரில் வந்த இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தொடக்கம் ஒன்றுதான்: சைட்விண்டர் என்ற ஒரு சிறு கப்பல், கையில் 1,000 கிரெடிட். சைட்விண்டரைக் குறைவாக நினைக்க வேண்டாம். உடைந்தால் செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும். இறங்குவது, குறிபார்ப்பது எல்லாவற்றையும் அதிலேயே பழகுங்கள். ஹோலர், ஈகிள் இரண்டையும் நான் வாங்கி இரண்டே வாரத்தில் விற்றேன், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

முதலில் சேர்க்க வேண்டியது கோப்ரா எம்கே 3க்கான காசு. விலை 3 இலட்சத்து 50 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் செய்த முதல் எலைட்டில் வீரர்கள் ஓட்டியதும் கோப்ராதான். ஏறத்தாழ 60 தொன் சரக்கு பிடிக்கும், சிறிய தளத்திலும் இறங்கும். பூஸ்ட் அழுத்தினால் விநாடிக்கு 400 மீட்டர். கொள்ளைக்காரன் மறித்தால் சண்டை தேவையில்லை, ஓடித் தப்பிவிடலாம். விலைக்கு மேல் உழைக்கிற கப்பல் என்றால் எனக்கு இதுதான்.

அப்புறம் ஆஸ்ப் எக்ஸ்புளோரர், 66 இலட்சம். முன்கண்ணாடி அவ்வளவு அகலம். நட்சத்திரத்தின் பக்கத்தில் எரிபொருள் அள்ளும்போது ஒளி கால் வரை வந்து விழும். வாங்கியவுடன் பெயின்ட், துப்பாக்கி என்று காசைக் கரைக்காமல், முதலில் எப்.எஸ்.டி என்ற, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் எஞ்சினை ஏ தரத்துக்கு மாற்றுங்கள். மற்றவற்றில் டி தரம் போடுங்கள், பாகங்களில் எடை குறைந்தது அதுதான். ஒரு தாவல் 30 ஒளியாண்டைத் தாண்டும். ஓரியன் நெபுலாவுக்கு நான் இதில்தான் போனேன். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு, இரண்டு இரவு. நெபுலா முன்னால் விரிந்தபோது மச்சானை எழுப்பிக் காட்டினேன். அவனும் விடியும்வரை படுக்கவில்லை.

நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் பியூவல் ஸ்கூப் இல்லாமல் மட்டும் தூரம் போகாதீர்கள். ஸ்கூப் இருந்தாலும் எல்லா நட்சத்திரத்திலும் அள்ள முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகையில் மட்டுமே கிடைக்கும். வரிசையாக, இந்த வகைகளில் சேராத பழுப்புக் குள்ளன்களுக்குள் பாய்ந்து ஒருமுறை தாங்கி காலியாகி நின்றேன். பியூவல் ரேட்ஸ் என்ற வீரர் குழு வந்து எரிபொருள் ஊற்றிவிட்டுப் போனது. யாரோ எவரோ, ஒரு கிரெடிட் கூட வாங்கவில்லை. கடலில் எஞ்சின் நின்றவனை இன்னொரு போட் கயிறு கட்டி இழுத்து வருவது மாதிரி.

பைதன்தான் எனக்கு மிகப் பிடித்தது, மிக வலித்ததும் அதுதான். 5 கோடியே 70 இலட்சம். ஏறத்தாழ 290 தொன் ஏற்றிக்கொண்டு நடுத்தரத் தளத்திலேயே இறங்கும், டைப்-7இல் நான் பட்ட பாடு இதில் இல்லை. ஆனால் இருந்த கப்பல்களை எல்லாம் விற்றுத்தான் வாங்கினேன். கப்பல் உடைந்தால் அதன் மொத்தப் பெறுமதியில் 5 வீதம் கட்டித்தான் திரும்ப எடுக்க முடியும். பைதனுக்கு அது வெறும் உடலுக்கே 28 இலட்சத்துக்கு மேல். கையில் இருந்தது 4 இலட்சம். மூன்றாம் நாள் சரக்கோடு மறித்தார்கள். மறுபடி சைட்விண்டர். அன்றிரவு ஒருவரோடும் பேசவில்லை. பழையபடி ஒரு பைதன் எடுக்க நான்கு மாதம் ஆனது.

இப்போது எந்தக் கப்பலுக்கும் விலையோடு மூன்று தடவைக்கான காப்புறுதிப் பணமும், அதாவது அந்த 5 வீதமும், சேரும்வரை வாங்குவதில்லை. உண்மைக் காசு கொடுத்து ஆர்க்ஸ் என்ற இன்னொரு விளையாட்டு நாணயத்தை வாங்கிக் கப்பல் எடுக்கும் வழியும் உண்டு. பைதன் எம்கே 2 2024 மே மாதம் முதலில் ஆர்க்ஸுக்குத்தான் வந்தது. ஆகஸ்டில் கிரெடிட்டுக்கும் வந்துவிட்டது. நான் அந்த மூன்று மாதமும் பழைய பைதனில் சரக்கு ஓட்டிக் காசு சேர்த்தேன்.

மச்சான் போன வாரம் தொடங்கியிருக்கிறான். நேற்று அவன் கணக்கில் 2 இலட்சத்து 10 ஆயிரம். கோப்ராவுக்கு இன்னும் 1 இலட்சத்து 40 ஆயிரம் வேண்டும். அதற்கு மேல் காப்புறுதிக்கு 50 ஆயிரம் சேருமட்டும் கடைப் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.