டெண்டர் எகிறிவிட்டால் எதை வெட்டுவது? வடசென்னை மழைநீர்ப் பூங்கா ஒன்றை வைத்து ஒரு அலசல்

வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் நடுவே மாநகராட்சிக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதோ கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிய இடம். அங்கே மழைநீரை உள்வாங்கும் பூங்கா அமைக்க 1.20 கோடி ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டு, நிர்வாக ஒப்புதலும் வாங்கியாயிற்று. விலை உறையைத் திறந்தால் மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியே, அதாவது ஒப்பந்ததாரர் கேட்ட விலையே, 1.48 கோடி. அடுத்தவர் 1.51 கோடி, மூன்றாமவர் 1.70 கோடி. எஸ்டிமேட்டைவிட 23 சதவீதம் கூடுதல். இந்தக் கணக்கு நான் எழுதிக்கொண்டது. ஆனால் டெண்டர் வேலையில் புழங்கியவர்களுக்கு இந்த நிலவரம் புதிதல்ல.

இப்போது மேசையில் இருக்கும் வழிகள்: எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மறு டெண்டர் விடுவது, குறைந்த விலை கேட்டவரோடு பேசி இறக்குவது, கூடுதல் பணம் தேடுவது, வேலையில் சிலதை வெட்டுவது. அவ்வப்போது ஐந்தாவதாக 'பிரித்துக் கொடுத்துவிடலாமே' என்று ஒரு குரலும் எழும்.

எதை வைத்து இவற்றை எடைபோடுவது? எல்லோரும் ரூபாயை வைத்துத்தான் பார்ப்பார்கள். நான் தண்ணீரை வைத்துப் பார்க்கிறேன். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 4,047 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஆக, அந்த நிலத்தின் தலையில் மட்டும் ஆண்டுக்கு 56 லட்சம் லிட்டர் விழுகிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அதைப் பிடித்து வைக்கத்தான் இந்தப் பூங்கா. அதற்கான செலவெல்லாம் மண்ணுக்கு அடியில் போகிறது, திறப்பு விழாவில் யார் கண்ணிலும் படாது. அதனால்தான் பணம் பற்றாமல் போகும்போது முதல் கத்தி அங்கேயே விழுகிறது.

முதலில், அந்த 28 லட்சம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் குருட்டடிதான். மூன்று பேரின் விலையையும் ஐட்டம் வாரியாக எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மூவரும் ஒரே ஐட்டத்தில் எகிறியிருந்தால் பிழை எஸ்டிமேட்டில். ஒருவர் மட்டும் எகிறியிருந்தால் அது அவர் கணக்கு. மொத்தத்துக்கு இத்தனை சதவீதம் கூடுதல் என்று மட்டும் கேட்கும் டெண்டராக இருந்தால் இந்த வெளிச்சம் கிடைக்காது; விலைப் பகுப்பாய்வை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மாதிரி வேலைகளில் விலை ஏறும் இடங்கள் ஓரளவு தெரிந்தவைதான். ஒன்று, சந்தை. 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது குவாரிகள் வேலைநிறுத்தம் செய்தன, எம்-சாண்டும் ஜல்லியும் விலை ஏறின. அரசு விலைப் பட்டியலோ ஆண்டுக்கொரு முறைதான் மாறும். இரண்டு, பட்டியலில் இல்லாத ஐட்டங்கள். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஆழமான உறிஞ்சு குழாய், நீர் புகும் பேவர் பிளாக், சொட்டுநீர்க் குழாய் இவற்றுக்கு ஏதோ ஒரு கம்பெனியின் கொட்டேஷனை வைத்து விலை போட்டிருப்பார்கள்.

மூன்றாவதுதான் பெரிது: பயம். கொட்டி மேடாக்கிய நிலத்தில் இரண்டு மீட்டர் தோண்டினால் என்ன வரும் என்று ஒப்பந்ததாரருக்குத் தெரியாது. பழைய கான்கிரீட் வரலாம், பிளாஸ்டிக் வரலாம், மூன்றடியிலேயே தண்ணீர் ஊறலாம். ஊறினால் இரவு பகலாக மோட்டார் ஓட வேண்டும். இடிபாட்டை எங்கே கொட்டுவது, லாரிக்கு எந்த நேரத்தில் அனுமதி, கண்டெய்னர் நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்க முடியும், எதுவும் உறுதியில்லை. "தெரியாத குழிக்கு நான் என்ன சார் ரேட் போடுறது, கூட்டித்தான் போடணும்" என்பார்கள். நியாயமான பேச்சு. அப்புறம் பில் பணம் தாமதமாகும் என்ற எதிர்பார்ப்பு. அதற்கான வட்டியும் விலைக்குள் உட்கார்ந்திருக்கும்.

மறு டெண்டர்

பார்க்க மிக நேர்மையான வழி. கோப்பில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனாலேயே அதிகாரிகளுக்குப் பிடித்த வழியும்கூட. ஆனால் அதே ஆவணத்தை அப்படியே மறுபடி விட்டால் அதே மூன்று பேர்தான் வருவார்கள், இந்த முறை ஒருவர் விலை மற்றவருக்குத் தெரிந்த நிலையில். விலை இறங்க என்ன காரணம் இருக்கிறது?

நாட்காட்டியும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டு டெண்டர் விதிகளின்படி இரண்டு கோடி வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதன் மேல் பரிசீலனை, ஒப்புதல், ஒப்பந்தக் கையெழுத்து. ஜூலையில் தள்ளினால் வேலை ஆணை செப்டம்பரில். தள்ளுவதே ஆகஸ்ட் கடைசிக்கு நழுவினால், வடகிழக்குப் பருவமழையில்தான் குழி தோண்ட வேண்டியிருக்கும். களிமண்ணும் இடிபாடும் கலந்த நிலத்தில் அது வேலையே அல்ல, சேறு மிதிப்பது. நடுவில் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும்.

மறு டெண்டர் பலன் தர வேண்டுமானால் ஆவணம் மாறியிருக்க வேண்டும். நாலைந்து சோதனைக் குழி தோண்டி, என்ன மண், எத்தனை அடியில் தண்ணீர் என்று படத்தோடு இணைத்தால் அந்தப் பயத்தின் விலையில் ஒரு பகுதி கழியும். இடிபாடு கொட்டும் இடத்தைத் துறையே குறித்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். ஒரே ஒருவர்தான் புள்ளி போட்டார், அல்லது மூன்று விலைகளும் பேசி வைத்தாற்போல் இருக்கின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிவிடலாம்.

பேசி இறக்குவது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இதற்கு இடம் தருகிறது, ஆனால் மிகக் குறைந்த விலை கேட்டவரோடு மட்டும். இரண்டாமவரைக் கூப்பிட்டு 'நீங்கள் எவ்வளவு இறங்குவீர்கள்' என்று கேட்கும் வேலை கூடாது. மத்திய கண்காணிப்பு ஆணையமும் தன் வரம்புக்குள் வரும் துறைகளுக்கு இதையே சொல்லிவந்திருக்கிறது.

நாட்கணக்கில் முடிகிற ஒரே வழி இது. ஐந்து, ஆறு லட்சம் இறங்கலாம். ஆனால் 28 லட்சம் இறங்கினால்தான் நான் பயப்படுவேன். இறங்கிய பணம் எங்கேயாவது திரும்பி எடுக்கப்படும், எடுக்க வசதியான இடம் மூடப்போகிற குழிதான். உறிஞ்சு குழியில் ஜல்லி அடுக்கு ஒன்றரை மீட்டரா முக்கால் மீட்டரா என்று மூடிய பிறகு யாருக்குத் தெரியும்? ஆறடி மரக்கன்று மூன்றடியாகும். பேசி இறக்குவதென்றால் மூடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து படம் எடுத்து, அது இல்லாமல் பில் இல்லை என்ற கட்டுப்பாடு வேண்டும்.

இன்னொன்று: பேச்சு விலையோடு நிற்க வேண்டும். 'பில்லை இரண்டு வாரத்தில் தருகிறோம், இடிபாட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் இறங்குங்கள்' என்று நிபந்தனையை மாற்றினால், அந்த வசதி தெரிந்திருந்தால் நாங்களும் குறைத்திருப்போமே என்று மற்ற இருவரும் மேல்முறையீடு போவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

கூடுதல் பணம்

ஐட்டம் வாரிப் பட்டியலில் மூவரும் ஒரே மாதிரி ஏறியிருந்தால், சந்தை ஏறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு திருத்திய ஒப்புதல் கேட்பதுதான் நேர்வழி. வடசென்னைக்குப் பணம் ஒதுக்கியதும் உண்டு: 2023 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி அறிவிக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, மணலி, எண்ணூர் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று வேறு கதவுகளும் உண்டு.

வெளியார் பணத்தில் ஒரு வழக்கமான சிக்கல்: கொடுப்பவருக்குப் பெயர்ப்பலகை வேண்டும், பலகை மாட்ட மண்ணுக்கு மேலே ஏதாவது நிற்க வேண்டும். அதை எதிர்த்து மல்லுக்கட்டுவதைவிடப் பயன்படுத்திக்கொள்வது மேல். நுழைவு வளைவு, உட்காரும் திண்ணை, விளக்கு இவற்றை அவர்களிடம் விட்டுவிடலாம். மாநகராட்சிப் பணம் முழுக்க மண்ணுக்குள் போகட்டும்.

வெட்டுவது

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. முதல் தவறு சட்டம் சார்ந்தது. நம் உதாரணத்தில் நுழைவு வளைவு, நீரூற்று, கிரானைட் இருக்கை, புல்வெளி நான்கையும் எடுத்துவிடுவோம். முதலாமவர் அவற்றுக்கு 22 லட்சம் போட்டிருந்தார், இரண்டாமவர் 29 லட்சம். கழித்தால் முதலாமவர் 126 லட்சம், இரண்டாமவர் 122 லட்சம். வரிசையே தலைகீழ்! இப்போது குறைத்த வேலையை முதலாமவருக்குக் கொடுத்தால், உண்மையில் குறைந்த விலை கேட்டவரை விட்டுவிட்டதாக ஆகிறது. விலை திறந்த பிறகு வேலையை வெட்டி அதே கையில் கொடுக்காதீர்கள் என்று தணிக்கையாளர்கள் முறைப்பது வெறும் வீம்புக்காக அல்ல.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு, ஆனால் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். டெண்டரிலேயே அடிப்படை வேலை தனி, கூடுதல் வேலை ஒன்று, இரண்டு, மூன்று தனி என்று பிரித்து, பணம் எட்டும் வரை இந்த வரிசையில் சேர்ப்போம், மதிப்பிடுவது இப்படித்தான் என்று அறிவித்துவிடுவது. அடிப்படையில் தண்ணீர், கூடுதலில் அலங்காரம். நான் பார்த்தவரை நம் ஊர் டெண்டர்களில் இது அபூர்வம்.

இரண்டாவது தவறு, வெட்டும் பொருளில். வழக்கமாகப் போவது எது? உறிஞ்சு குழாய், வடிகட்டும் அடுக்கு, சொட்டுநீர், மண் திருத்தம், இரண்டாண்டுப் பராமரிப்பு. மிஞ்சுவது வளைவும் கொரியன் புல்லும். புல்லை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர மீட்டர் புல்வெளிக்கு மே மாதத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் என்றால் தினம் 5,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு 6,000 லிட்டர் லாரி. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு தெருக்குழாயில் குடத்தோடு வரிசை நின்ற ஊரில், தண்ணீர் சேமிக்கக் கட்டிய பூங்காவுக்கு லாரித் தண்ணீர்! கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவரலாமே என்பார்கள். கொண்டுவரலாம், ஆனால் அந்த லாரி வாடகை ஆண்டுதோறும் நிற்காது.

புல்லுக்குப் பதில் புங்கன், பூவரசு, புன்னை, ஓரத்தில் நொச்சி, ஆவாரை, நீர் தேங்கும் பள்ளத்தில் வெட்டிவேர் போதும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விட்டால் பிறகு அவை பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பராமரிப்பை மட்டும் வெட்டவே கூடாது. முதல் கோடையைத் தாண்டாத கன்று, நடாத கன்றுக்குச் சமம். நடைபாதையில் பேவருக்குப் பதில் இறுக்கிய கிராவல் போடலாம். விலையும் குறைவு, தண்ணீரும் இறங்கும்.

அடியில் இருப்பது எல்லாம் புனிதம் என்றும் சொல்ல வரவில்லை. திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடல் மணல். ஆழமற்ற குழியே போதும், அங்கே ஆழக் குழாயை வெட்டலாம். வியாசர்பாடிக் களிமண்ணில் அதே குழி வாரக்கணக்கில் கொசு வளர்க்கும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் என்றால் நிலத்தடி நீரைச் சோதிக்காமல் எதையும் உள்ளே செலுத்துவது ஆபத்து. அங்கே மேலேயே குளமாகத் தேக்கி, மிஞ்சியதை வடிகாலுக்கு விடும் அமைப்பே சரி, செலவும் குறையலாம்.

பிரித்துக் கொடுப்பது

மண் வேலை ஒருவருக்கு, செடி வேலை நர்சரிக்காரருக்கு என்று பிரித்தால், செடி வேலைக்கு நடுவில் முதன்மை ஒப்பந்ததாரர் வைக்கும் கமிஷன் மிச்சமாகும். முழுத் திட்டத்துக்கும் உரிய அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிரித்தால் தவறில்லை. ஒப்புதல் வரம்புக்குக் கீழே கொண்டுவரப் பிரித்தால் தணிக்கையில் மாட்டும். இரண்டு ஒப்பந்ததாரர் இருந்தால் செத்த செடிக்கு மண் காரணமா தண்ணீர் காரணமா என்ற சண்டையும் இலவசம்.

சரி, நம் உதாரணத்துக்கு எது?

முதலாமவரோடு பேசினால் 148 லட்சம் 142 ஆகலாம், 120 ஆகாது. மேல்பூச்சு நான்கையும் எடுத்தால் இப்போதைய விலையிலேயே 122 வரை வந்துவிடுகிறது. எனவே ஜூலையாக இருந்தால் என் ஓட்டு இதற்கு: புள்ளிகளைத் தள்ளி, நான்கு ஐட்டங்களையும் கூடுதல் பட்டியலுக்கு மாற்றி, சோதனைக் குழி விவரத்தைச் சேர்த்து, 15 நாள் அவகாசத்தில் மறு டெண்டர். மிஞ்சும் ஓரிரு லட்சத்துக்குப் பேச்சுவார்த்தை போதும். வளைவுக்கு யாராவது ஆலைக்காரர் கிடைக்கட்டும்.

செப்டம்பர் கடைசியாகிவிட்டது என்றால் அவசரப்பட வேண்டாம். மழை முடியும் வரை அந்த நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று வார்டு பொறியாளரை விட்டு வரைபடத்தில் குறிக்கச் சொல்லலாம். சில குழாய்கள் தேவையே இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். டிசம்பரில் டெண்டர், ஜனவரி கடைசியில் மண் காய்ந்ததும் தோண்டுவது, கன்று நடுவதை மட்டும் அடுத்த செப்டம்பருக்கு ஒதுக்குவது. அந்தத் தேதிகளையும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பில் வாங்குவதற்காக ஏப்ரல் வெயிலில் கன்றை நட்டுவிட்டுப் போவார்கள்.