கைடோடு உரசலா? கவுன்சிலரா, குறைதீர்ப்பாளரா?

பிஎச்.டி படிக்கும்போது கைடோடு உரசல் வந்தால் பல வெளிநாட்டு வளாகங்களில் போக இரண்டு கதவுகள் உண்டு. தவறான கதவைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புபவர்கள்தான் அதிகம்.

கவுன்சிலிங் மையம் உங்கள் மனதுக்கு. ஆய்வேட்டுக் கோப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறதா, அங்கே சொல்லலாம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர பேச்சு வெளியே போகாது. ஆனால் கைடு மூன்று மாதமாக அத்தியாயத்தைத் திருப்பித் தராததற்கு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குத்தான் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்), அதாவது இப்படிப்பட்ட உரசல்களைக் கேட்டு வழிகாட்ட வளாகமே வைத்திருக்கும் ஆள். யார் பக்கமும் சேரமாட்டார். விதி என்ன, கைடை மாற்ற முடியுமா, மின்னஞ்சலை எப்படி ஆரம்பிப்பது என்று வழி சொல்வார். பெரும்பாலும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, அவரிடம் பேசுவது முறையான புகாராகவும் ஆகாது (பயந்தவர்களுக்கு அதுவே வசதி). என் ஓட்டு இவருக்கு. தூக்கமே போய்விட்டதென்றால் மட்டும் முதலில் கவுன்சிலிங், மின்னஞ்சல் அப்புறம்.