பழி பொதி மீது, பிழை பென் டிரைவில்: எஃப்3 கருவி பற்றி ஒரு மதிப்புரை

பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருந்தேன். மொழி, விசைப்பலகை, வட்டுப் பிரிவுகள் என எல்லாம் தடையின்றி முடிந்து, அடிப்படை அமைப்பை நிறுவும் கட்டம் வந்ததும் திரை சிவந்தது. அந்த வேலையைச் செய்யும் டீபூட்ஸ்ட்ராப் நிரல் பிழையோடு முடிந்துவிட்டது, விவரம் நான்காம் திரையில் உள்ளது என்று நிறுவி (நிறுவலை நடத்தும் நிரல்) தெரிவித்தது. அங்கே மாறிப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட பொதி (மென்பொருளை அடக்கிய கோப்பு) சிதைந்திருப்பதாகப் பதிவாகியிருந்தது. லினக்ஸ் நிறுவுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் செய்வதையே நானும் செய்தேன்: பொதியின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அதில் என்ன கோளாறு என்று தேடத் தொடங்கினேன். ஒரு மாலைப் பொழுது அதில் வீணாயிற்று. அந்தப் பொதியில் ஒரு குறையும் இல்லை என்பதை ஐந்தே நிமிடத்தில் காட்டிக்கொடுத்த எஃப்3 என்னும் சிறு கருவியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

கருவியைப் பற்றிச் சொல்லுமுன், எந்தச் சூழலில் அது தேவைப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பயன்படுத்தியது, ஒரு கருத்தரங்கில் அன்பளிப்பாகக் கிடைத்த, 32 ஜிபி என்று மேலே அச்சிடப்பட்ட பென் டிரைவ். அதில் டெபியனின் முதல் டிவிடியின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பை, சுமார் 3.7 ஜிபி அளவுள்ளதை, தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் எழுதியிருந்தேன். இணைய இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் நிறுவ வேண்டியிருந்ததால்தான் எஞ்சிய பொதிகளை இணையத்திலிருந்து இறக்கும் சிறிய நெட்இன்ஸ்ட் கோப்பை விட்டு முழு டிவிடியைத் தேர்ந்தெடுத்தேன். பிழை வந்ததும், பதிவிறக்கம் அரைகுறையாக முடிந்திருக்கலாம் என்ற ஐயத்தில், டெபியன் வெளியிடும் எஸ்ஹெச்ஏ256 செக்சத்தோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) என் கோப்பின் செக்சத்தை ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுபடியும் எழுதினேன், டிடி எந்தக் குறையும் சொல்லாமல் இத்தனை பைட்டுகள் நகலாயின என்று கணக்குக் காட்டி முடித்தது. மறுபடியும் நிறுவினேன், அதே இடத்தில், அதே பொதியில் நின்றது.

அதே பொதி என்பது முக்கியமான துப்பு. ஒவ்வொரு முயற்சியிலும் வெவ்வேறு பொதி சிதைந்ததாகச் செய்தி வருமானால், தரவு வழியில் கெடுகிறது என்று கொள்ளலாம். அப்போது ரேமையோ, தளர்ந்த யூஎஸ்பி துளையையோ, இடையிலுள்ள ஹப்பையோ ஐயுற வேண்டும். எப்போதும் ஒரே பொதி என்றால், கெட்டது ஓரிடத்தில் நிலையாகக் கெட்டுக் கிடக்கிறது என்று பொருள். டெபியன் நிறுவியின் பட்டியலிலேயே நிறுவல் ஊடகத்தின் முழுமையைச் சரிபார்க்கும் தெரிவு ஒன்று உண்டு. ஊடகத்தில் உள்ள எம்டி5 செக்சப் பட்டியலோடு அது ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகிறது. அதை ஓட்டியதும் ஒரு கோப்பு பொருந்தவில்லை என்று சொன்னது. ஆனால் ஏன் பொருந்தவில்லை என்று அதனால் சொல்ல முடியாது; அது அதன் வேலையும் அன்று. (உபுண்டு 20.04 முதல் இத்தகைய சோதனை தொடக்கத்திலேயே தானாக ஓடுகிறது. பொறுமையில்லாமல் கன்ட்ரோல், சி விசைகளை அழுத்தி அதைத் தாண்டிச் செல்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.)

எஃப்3 என்பது, போலி ஃபிளாஷ் நினைவகங்களை எதிர்க்கும் போர் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். மிஷேல் மச்சாடோ எழுதிய கட்டற்ற மென்பொருள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் கிடைக்கிறது. ஜெர்மனியின் சிடி கணினி இதழுக்காக எழுதப்பட்ட, விண்டோஸில் மட்டும் ஓடும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவிக்கு மாற்றாகப் பிறந்தது இது. டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே இருப்பதால், ஏற்கெனவே லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம்.

இதில் உள்ள நிரல்களில் அன்றாடம் பயன்படுபவை மூன்று. எஃப்3ரைட், பென் டிரைவின் காலி இடம் முழுவதையும் ஒவ்வொரு ஜிபி அளவுள்ள கோப்புகளால் நிரப்புகிறது. இக்கோப்புகளில் உள்ளவை ஏனோதானோவென்று எழுதப்பட்ட எண்கள் அல்ல. ஒவ்வொரு செக்டரும் (சேமிப்பிடத்தின் சிறு கூறு) தான் எந்த இடத்துக்கு உரியது என்பதைத் தன்னுள்ளேயே தாங்கியிருக்கிறது. ஆகையால் பின்னர் எஃப்3ரீட் அவற்றைப் படிக்கும்போது, ஒரு செக்டர் நலமாக உள்ளதா, முற்றிலும் சிதைந்ததா, சில பிட்டுகள் மட்டும் மாறியதா, அல்லது வேறோர் இடத்துக்கு எழுதியது இதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டதா என்று தனித்தனியே கணக்குக் காட்ட முடிகிறது. இந்தப் பாகுபாடுதான் என்னைக் கவர்ந்தது. வெறும் செக்சம் ஆம், இல்லை என்று இரண்டே விடை சொல்லும். நோய் இன்னதென்று சொல்லாது. தேய்ந்துபோன சில்லில் ஆங்காங்கே சில செக்டர்கள் சிதைந்திருக்கும். போலிச் சில்லிலோ ஓர் எல்லைவரை எல்லாம் நலமாகவும் அதற்கப்பால் எல்லாம் பாழாகவும் இருக்கும்.

குறை என்னவென்றால், நேரம். நொடிக்கு 5 எம்பி வேகத்தில் எழுதும் மலிவான 32 ஜிபி பென் டிரைவை நிரப்பவே ஏறத்தாழ 1 மணி 47 நிமிடம் ஆகும். படிப்பதற்கு ஆகும் நேரம் தனி. இங்கேதான் மூன்றாவது நிரலான எஃப்3புரோப் கைகொடுக்கிறது. அது முழுவதையும் நிரப்பாமல், தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் எழுதிப் படித்து, உண்மையான கொள்ளளவு எவ்வளவு என்று சில நிமிடங்களில் கண்டுபிடிக்கிறது. என் பென் டிரைவில் அதை ஓட்டியபோது, சொல்லப்பட்ட அளவு 32 ஜிபி, பயன்படக்கூடிய அளவு 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவு என்றும், இது லிம்போ வகைப் போலி என்றும் தீர்ப்பு வந்தது. அதாவது, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தன் உண்மை அளவை மறைத்துப் பெரிய எண்ணைச் சொல்கிறது. எல்லையைத் தாண்டி வரும் தரவையெல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று பதில் கூறிவிட்டு எங்கும் எழுதாமல் விட்டுவிடுகிறது. டிடி ஏன் ஒருமுறைகூட முனகவில்லை என்பதற்கு இதுவே விளக்கம். டிவிடியின் முற்பகுதியிலிருந்து கணினி ஒழுங்காகத் தொடங்கியதால்தான் எனக்குப் பென் டிரைவின் மேல் ஐயமே எழவில்லை.

எழுதிய உடனே திரும்பப் படித்துச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பலேனா எட்ச்சர் போன்ற கருவிகள் எழுதி முடித்தபின் அவ்வாறு சரிபார்க்கவே செய்கின்றன. நான் டிடிக்குப் பதில் அதைப் பயன்படுத்தியிருந்தால் முதல் முயற்சியிலேயே பிடிபட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் சரிபார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: லினக்ஸின் மையநிரலான கர்னல் அண்மையில் கையாண்ட தரவை ரேமில் வைத்திருப்பதால், பென் டிரைவைப் பிடுங்காமல் படித்தால், வருவது பென் டிரைவில் உள்ளதா, ரேமில் உள்ளதா என்பது உறுதியில்லை. முறையாக வெளியேற்றிவிட்டு, மறுபடி செருகிப் படிப்பதே நம்பகமானது. எஃப்3ரைட்டுக்கும் எஃப்3ரீடுக்கும் இடையிலும் நான் இதையே செய்கிறேன்.

இனி, இக்கருவியில் எனக்குப் பிடிக்காதவை. எஃப்3ரைட் காலி இடத்தை மட்டுமே சோதிக்கும். ஐஎஸ்ஓ எழுதிய பென் டிரைவில் கோப்பு எழுத இடமே இராது என்பதால், முதலில் அதை அழித்து மறுவடிவமைக்க வேண்டும். புதிதாக வருபவர் ஏன் எழுத முடியவில்லை என்று இங்கே திகைத்து நிற்பார். எஃப்3புரோப்பின் விரைவுக்கும் ஒரு விலை உண்டு: அது அளவை அளக்கிறதே அன்றி ஒவ்வொரு செக்டரையும் தொட்டுப் பார்ப்பதில்லை, உண்மையான சில்லில் ஆங்காங்கே உள்ள தேய்மானம் அதன் கண்ணுக்குத் தப்பும். அதற்கு எஃப்3ரைட், எஃப்3ரீட் கொண்டு செய்யும் நெடுஞ்சோதனையைத் தவிர வேறு வழியில்லை. எழுதிய இடங்களில் பழைய தரவைத் திரும்ப வைப்பதே எஃப்3புரோப்பின் இயல்பான போக்கு என்றாலும், விரைவாக முடிய வேண்டி அழிக்கும் தெரிவைச் சேர்த்து ஓட்டினால் உள்ளே இருப்பது போயிற்று. சாதனத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றித் தட்டினால் போவது பென் டிரைவின் தரவு அன்று, வன்வட்டின் தரவு. எல்லாமே முனையத்தில் கட்டளைகள். செய்திகள் அனைத்தும் ஆங்கிலம். டெபியன் நிறுவியின் வரைகலை வடிவம் தமிழிலேயே வழிநடத்தும்போது, இப்படியொரு கருவி அவ்வாறு இல்லாதது சற்று உறுத்துகிறது.

எஃப்3 நலம் என்று சொல்லியும் சிதைவு தொடர்ந்தால், தேடலை வேறு திசையில் திருப்ப வேண்டும். 2022-இல் வந்த 6.00 பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையுள்ள கணினிகளிலும் ஓடும் மெம்டெஸ்ட்86+ ஐ இரவு முழுவதும் ஓடவிட்டு ரேமைச் சோதிக்கலாம். ஆர்ச் என்ற மற்றொரு லினக்ஸ் வகையில் பொதி செல்லாதது அல்லது சிதைந்தது என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் பிஜிபி கையொப்பத்தைக் (பொதியை வெளியிட்டவரை உறுதிசெய்யும் மின்கையொப்பம்) குறிப்பிடும் செய்தி வந்தால், பெரும்பாலும் சிதைவு எதுவுமே நேர்ந்திருக்காது. பழைய ஐஎஸ்ஓவில் உள்ள, கையொப்பங்களைச் சரிபார்க்கும் சாவிக்கொத்து காலாவதியாகியிருக்கும், அல்லது கணினியின் கடிகாரம் தவறாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பென் டிரைவைச் சோதித்துப் பயனில்லை. நேரத்தைத் திருத்தி, ஆர்ச் சாவிக்கொத்துப் பொதியை முதலில் புதுப்பிக்க வேண்டும்.

எஃப்3ஃபிக்ஸ் என்ற நான்காவது நிரலும் உண்டு. போலிப் பென் டிரைவின் உண்மையான எல்லைக்குள் அடங்கும்படி வட்டுப் பிரிவை அமைத்துத் தருவது அதன் பணி. அப்படி மீட்ட இடத்தில் இழக்க முடியாத கோப்பு எதையும் நான் வைக்க மாட்டேன். எனினும், நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ ஒரு ஜிபிகூட இல்லாததால், அந்த 2 ஜிபிக்குள் தாராளமாக அடங்கும் என்று தோன்றியது. அதே பென் டிரைவில் அதை எழுதி, பிடுங்கிச் செருகிச் செக்சம் பார்த்து, எஞ்சிய பொதிகளைக் கைப்பேசியின் இணைய இணைப்பு வழியே இறக்க விட்டேன். இரவு இரண்டு மணிக்கு டெபியன் எழுந்து நின்றது. மேலே அச்சிட்டிருந்த 32-ஐ அடித்துவிட்டு, அழியாத மையால் 2 என்று எழுதி வைத்திருக்கிறேன்.