ஆத்தா பேசினால் தறியும் பேசும்: கை ரெக்கார்டரோடு நாலு வருஷம்

நான் நாலு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரியும் கை ரெக்கார்டருக்கு விலை இறங்கிவிட்டதாம். பல்லடத்திலிருந்து மாப்பிள்ளை போன் போட்டு, "ஏனுங் மாமா, வாங்கலாமுங்களா?" என்றார்.

24 பிட் பதிவு, கைக்கு அடக்கம், பேட்டரியும் நின்று பேசும். அதிலெல்லாம் குறை இல்லை. என் வழக்கு, சத்தத்தைப் பார்த்துத் தானாகவே பதிவு அளவை ஏற்றி இறக்கும் அந்த ஆட்டோ லெவல் பட்டனோடுதான்.

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறி வீட்டுக்குப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். அப்பாரு தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவர். "தண்ணி குடிக்கிறீங்களா" என்று அவர் கேட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆத்தா பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். நடுவில் ரெக்கார்டரை வைத்து, ஆட்டோவை நம்பி உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் வந்து கேட்டால், ஆத்தா வாயெடுத்ததும் மிஷின் கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றுகிறது; கூடவே அடுத்த கொட்டகைத் தறியும் எழுந்து வருகிறது. அப்பாரு ஒரு "ஆமாமா" போட்டதும் இரண்டும் அமுங்கிவிடுகின்றன. ஒரு மணி நேரமும் இதே இரைப்புதான்.

கம்ப்யூட்டரில் ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் கம்ப்ரஸர் போட்டேன். அது உரத்த குரலை அமுக்கும், சரி. அப்புறம் மொத்தத்தையும் தூக்கினால், ஆத்தா 12 டெசிபல் ஏறும்போது தறியும் அதே 12 ஏறுகிறது. கடைசியில் என்வலப் டூலை எடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கையால் ஏற்றி இறக்கினேன். மூன்று ராத்திரி போனது. அப்பாரு சிரித்த இடங்கள் உச்சி வெட்டுப்பட்டுக் கிடந்தன. வெட்டுப்பட்டதை ஒட்டப் பார்க்கும் கிளிப் ஃபிக்ஸ் ஏதோ பூசி மெழுகியது.

இப்போது ஆட்டோவைத் தொடுவதில்லை. ஆளுக்கொரு காலர் மைக், இடது டிராக்கில் ஒருவர், வலதில் ஒருவர். உரத்தவரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை (உச்சி வெட்டுப்படும் பூஜ்ஜியத்துக்கு 12 கீழே) தாண்டாதபடி கெயின் வைக்கிறேன். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரில் இருந்த மைக் கால் மீட்டருக்கு வந்தாலே ஆத்தாவுக்கு வேண்டிய அந்த 12 டெசிபல் கிடைத்துவிடுகிறது, தறியை எழுப்பாமலே. (இரண்டு மைக்கைச் செருக ஒரு ஒய் கேபிளைக்கூடப் பெட்டியில் வைக்காத புண்ணியவான்கள்!)

ஆனால் அந்தப் பேட்டி அன்றைக்கு நடுவில் கரண்ட் போனது. ஊரே அடங்கிவிட, அப்பாரு எழுந்து வெளியே போனார். ஆட்டோ லெவல் பாட்டுக்குக் கெயினை மேலே மேலே ஏற்றியிருக்கிறது. அப்போது ஆத்தா சொன்னது: "தறி நின்னா எனக்குத் தூக்கம் வராது கண்ணு, கூலி நின்னுபோச்சுன்னுதான் தோணும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதில் அன்று இது விழவே இல்லை. பதிவில் தெளிவாக இருக்கிறது.

"வாங்காதீங்க மாப்ளே, அந்தக் காசுக்கு ரெண்டு மைக் வர்ற வயர்லெஸ் செட் வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதையாவது கொடுங்கள் என்றார். பேட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன், உங்களுக்குச் சரிப்படாது என்று மழுப்பிவிட்டேன்.