பெரியவர்களுக்கு ஃபோனிக்ஸ்: சில ஆண்டுகள் சொல்லித்தந்த பிறகு

ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களுக்கு ஃபோனிக்ஸ் முறையில், அதாவது எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிச் சொல்லைப் படிக்கும் முறையில், வாசிப்பு சொல்லித்தந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நல்ல பலன் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எழுதிய பாடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒலிகளைக் கூட்டுவது புதிதல்ல. ம், ஆ சேர்ந்தால் மா என்று சின்ன வயதிலேயே படித்ததுதானே. 'பி-ஐ-என்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு முழிப்பவர், 'ப்-இ-ன்' என்றதும் 'பின்' என்று தானே சொல்லிவிடுவார். அகரம் சேர்த்து 'ப-இ-ன' என்றால் சொல் கிடைக்காது. அதனால் தொடக்கத்தில் புள்ளி வைத்த மெய்யாக ஒலிக்க வைப்பதில்தான் என் கவனம் முழுக்க.

எந்த மொழியிலும் எழுதப் படிக்காதவர்களுக்கு இது பொருந்தாது. போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்கள் சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லப் பெரிதும் திணறினார்கள் என்று ஆய்வாளர் மொராயிஸ் குழுவினர் 1979இல் காட்டினார்கள். சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் எழுத்தோடு சேர்ந்துதான் வருகிறது. இவர்களிடம் அவசரமே கூடாது.

அடுத்தது பொருள். ஒரு அம்மா 'ஷிப்' என்று அழகாகக் கூட்டிப் படித்தார். அப்புறம், "சரி, அப்படின்னா என்னங்க?" என்றார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லை ஒலித்ததும் பொருளும் வந்துவிடும், இவருக்கு வராது. இங்கிலாந்தில் 2012 முதல் சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் தேர்வின் 40 சொற்களில் பாதி, பொருளே இல்லாத போலிச் சொற்கள். மொழியே புதிதானவரிடம் அந்தப் பயிற்சியைக் கொடுக்கவே கூடாது. எது நிஜச் சொல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஏற்கெனவே வாயில் புழங்கும் சொற்களில்தான் தொடங்குகிறேன்: பின், டின், பேண்ட், கப், பெட், பில், டெஸ்ட். பல காலமாகச் சொல்லிவந்த சொல்லை முதல்முறை எழுத்தில் அடையாளம் காணும்போது முகத்தில் வருகிற தெளிவு இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், ஏறக்குறைய 44 ஒலிகள். ஆகவே விதிமீறல்கள் வரும். பூனையைக் குறிக்கும் 'கேட்'டில் (cat) க் ஆக ஒலிக்கும் 'சி', 'சிட்டி'யில் ஸ் ஆகிவிடும். பெரியவர்கள் "ஏன்?" என்று கேட்பார்கள், "அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. 'நைஃப்' என்ற சொல்லின் தொடக்கத்தில் சும்மா நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டது, பேச்சு மாறியும் எழுத்து மாறவில்லை என்று விளக்கினால் மறக்கவே மாட்டார்கள்.

பயிற்சிப் புத்தகங்கள்தான் பெரிய குறை. கரடிப் பொம்மையும் வாத்தும் வரும் கதைகளை ஐம்பது வயதுக்காரரிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. மருந்து அட்டை, விண்ணப்பப் படிவம், வேலையிடத்து அறிவிப்பு ஆகியவற்றில் வரும் சொற்களை எடுத்து, அதுவரை படித்த ஒலிகள் மட்டும் வருகிற மாதிரி நாலைந்து வரிகள் நானே எழுதிக்கொள்கிறேன்.