லிம்போபோ பக்கம் நடை வேட்டைக்குப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் குளிர் ஆரம்பித்தாச்சு. மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே வேட்டைக் காலம். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் சிலர் அலுவலக நண்பர்களோடு வடக்கே லிம்போபோ மாகாணத்துப் புதர்க்காட்டுக்குப் போகிறார்கள். போன வருஷம் நானும் போனேன். ஆல்டேஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைப் பண்ணை. குண்டே படாத ஒரு கூடூ மானுக்கு அங்கே என்னிடம் முழு விலையையும் வாங்கிவிட்டார்கள். எப்படி வாங்கினார்கள் என்று விவரமாகவே எழுதுகிறேன். அடுத்துப் போகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் குற்றம். இங்கே நிலைமை வேறு. சரியான வேலி போட்டு, அதற்குச் சான்றிதழும் வாங்கிய நிலத்தில் இருக்கும் விலங்கு, வேலி தாண்டி ஓடினாலும் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று 1991-இல் சட்டம் வந்தது. மாடு மேய்த்த பண்ணைகள் பல மான் வளர்க்கும் பண்ணைகள் ஆயின. சுட்ட மானின் கறி வீணாகாது. உப்பும் கொத்தமல்லியும் தடவிக் காயவைத்து பில்டாங் ஆக்குவார்கள்.

நடந்து போய் வேட்டையாடுவதைத்தான் நான் விரும்பிக் கேட்டேன். அதில் மானுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கூடூவின் காது பெரிசு. ஆள் வாடை பட்டால் புதருக்குள் அப்படியே உறைந்து நிற்கும். உடம்பின் வெள்ளைக் கோடுகள் மரக்கிளை நிழலோடு கலந்துவிடும். இருபதடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தட்டாது. அப்புறம் நாய் குரைப்பதுபோல ஒரே ஒரு சத்தம் போட்டு, கொம்பை முதுகோடு சாய்த்துக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்துவிடும். குளிர்காலத்தில் மோப்பானி மரத்து இலைகள் காய்ந்து தரையெல்லாம் கிடக்கும், ஒவ்வோர் அடியிலும் நொறுங்கும். நம் கரிசல் காட்டு விடத்தேரை முள்மரம் அங்கேயும் அடர்ந்து வளர்கிறது. சட்டையைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. காற்று எதிர்முகமாக அடிக்கிறதா என்று சாம்பல் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று திசை மாறும். போதாக்குறைக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை உச்சிக் கிளையில் உட்கார்ந்து கத்தி, ஆள் வருவதைக் காடு முழுக்கச் சொல்லிவிடும்.

இத்தனையும் பிடித்துத்தான் "நடை வேட்டை மட்டும்" என்று போட்டிருந்த விளம்பரத்தை நம்பி, பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினேன். என் அலுவலக நண்பர் துப்பாக்கி உரிமம் உள்ளவர், துப்பாக்கியும் அவருடையதுதான். அவர் மேற்பார்வையில்தான் நான் சுடலாம் என்பதால் கடைசி வரை கூடவே இருந்தார்.

போய்ச் சேர்ந்ததும் வண்டியில் ஏறச் சொன்னார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் உயரமான இருக்கை, துப்பாக்கியைச் சாய்த்து வைக்கக் கம்பி. "மான் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்" என்றார் வழிகாட்டி. முதல் நாள் முழுக்க அந்தப் பார்வையிலேயே போனது. சாலையோரம் ஒரு இம்பாலா மான் கூட்டம் நின்றபோது, அங்கிருந்தே சுடச் சொன்னார். நான் முடியாது என்றேன். மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே ஒரு மறைவில் உட்கார வைத்தார். நடக்க வேண்டும் என்று நானும் நண்பரும் பிடிவாதம் பிடித்த பிறகுதான் வேறு வழியில்லாமல் இறங்கினார்.

நடந்தால்தானே நிலம் தெரியும். மூவாயிரம் ஹெக்டேர் என்றது விளம்பரம். கொஞ்ச நேரத்திலேயே எதிரே வேலி வந்துவிட்டது. வேலியை ஒட்டியே நடந்தோம், திரும்பவும் அதே வாசலுக்கு வந்து நின்றோம். பண்ணை பெரிதாகவே இருக்கலாம், எங்களை விட்டது உள்ளே தடுத்துப் போட்ட ஒரு சின்னப் பட்டியில். வேலிக்கு உட்புறமாக மான் குளம்பு பட்டுப் பட்டு ஒரு பாதையே விழுந்திருந்தது. தடம் பார்க்க வந்த பெரியவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். புதிதாகக் கொண்டுவந்து விட்ட மான்கள்தான் வெளியே போக வழி தேடி இப்படி வேலியோரமாகவே நடக்கும் என்று என் நண்பரிடம் தணிந்த குரலில் சொன்னார். வழிகாட்டி அப்போது வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஒரு ஆண் கூடூ கண்ணில் பட்டது. ஏறக்குறைய நூறு மீட்டர் தூரம். மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்துச் சுட்டேன். கூடூ குரைத்துவிட்டு ஓடிற்று. உடம்பில் குண்டு பட்டால் கேட்கும் அந்த மொத்தென்ற சத்தம் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. போகும் வழியிலேயே பெரியவர் நின்றார். விரல் பருமனுள்ள ஒரு மோப்பானிக் கிளை பாதியில் முறிந்து தொங்கியது. முறிந்த இடம் பச்சையாக, அப்போதுதான் உடைந்ததாக இருந்தது. குண்டு அதில் பட்டுத் திசை மாறிவிட்டது என்று காட்டினார். மான் நின்ற இடத்தில் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரத்தம் இல்லை, முடி இல்லை. குளம்படிகள் ஒரே சீராகப் போயிருந்தன, நொண்டின அடையாளம் எதுவும் இல்லை.

வழிகாட்டி கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு இலையை எடுத்துவந்தார். அதில் சிவப்பாக ஒரு புள்ளி. "ரத்தம்" என்றார். குளிர்காலத்தில் மோப்பானி இலையில் பாதி சிவப்பும் பழுப்புமாகத்தான் இருக்கும். நண்பர் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். ரத்தமாக இருந்தால் விரலில் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றும் ஒட்டவில்லை. வழிகாட்டி இலையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. அவர் கூலி அந்தப் பண்ணையில் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு துளி ரத்தம் கண்டாலும் முழு விலை என்பது தென்னாப்பிரிக்க வேட்டைப் பண்ணைகளில் பொதுவான வழக்கம். அது நியாயமான வழக்கம்தான். அடிபட்டு ஓடிய மான் எங்கேயாவது விழுந்து சாகும், அதற்குச் சுட்டவன் பொறுப்பு. என் ஆத்திரம் வேறு. அடிபட்டது என்று உண்மையிலேயே நம்புகிற வழிகாட்டி, இருட்டும் வரை தடத்தை விடாமல் போவார், நாயைக் கொண்டுவருவார், விடிந்ததும் மறுபடியும் இறங்குவார். இவர் அரை மணி நேரத்தில் "போதும்" என்று வண்டியை வரச் சொல்லிவிட்டார். மறுநாள் தேடலாம் என்று நாங்கள் கேட்டதற்கு அடுத்த விருந்தினர் வருகிறார்கள் என்றார். ஒன்று, அவர் சொன்ன ரத்தம் பொய். இல்லையென்றால், காயம்பட்ட ஒரு மானைத் தெரிந்தே புதருக்குள் சாகவிட்டுவிட்டு அதன் விலையை எண்ணி வாங்கியிருக்கிறார். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பில்லில் கூடூ விலை, வண்டிக்குத் தனிக் கட்டணம், கறியே இல்லாத குளிர்பதன அறைக்கும் கட்டணம். வாசல் பூட்டியிருந்தது. கட்டிய பிறகுதான் திறந்தார்கள்.

போவதாக இருந்தால் முன்பணத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். உங்களை விடப்போகும் பட்டியின் பரப்பு எவ்வளவு, பண்ணையின் பரப்பு இல்லை. மான்கள் அந்தப் பட்டிக்கு எப்போது வந்தன. வண்டிக்குத் தனிக் காசு உண்டா. முக்கியமாக, ரத்தம் என்று யார் தீர்மானிப்பது, எவ்வளவு நேரம் தேடுவார்கள், நாய் இருக்கிறதா. நாய் இல்லாத பண்ணைக்கு நான் இனிமேல் போகமாட்டேன். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சின்னப் புட்டி பையில் இருக்கட்டும், ரத்தத்தின்மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். சுட்ட இடம், மான் நின்ற இடம், கிளை, குளம்படி, எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வேட்டைக்கென்றே வருபவர்களோடு உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது இங்கே விதி. இங்கேயே குடியிருக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், பண்ணையில் நிற்கிற யாரை வேண்டுமானாலும் நம்மோடு அனுப்பிவிடுகிறார்கள். உரிமம் உள்ளவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தின் நகல், பில், முறிந்த கிளையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, நண்பரின் எழுத்துச் சாட்சியத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன். ஆல்டேஸ் பக்கம் இதே மாதிரி இலையைக் காட்டிப் பணம் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தகவல் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்ளலாம்.